தீர்த்துவிட்டார்கள் சரி, தீர்ப்பு நகல் எங்கே?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும், சேர்ந்து வாழ முடியாமல் பிரிந்துபோன கணவன் மனைவியைப் பற்றி ஊர் ஒரே சொல்லில் சொல்லிவிடும்: ‘தீர்த்துக்கிட்டாங்க.’ பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். சீர் பாத்திரமும் நகையும் திரும்பியிருக்கும். முத்திரைத்தாள் ஒன்றில் இருவரும் கைநாட்டு வைத்திருப்பார்கள்; பல நேரங்களில் அதுவும் இருக்காது. ஊருக்கு அத்தோடு கணக்கு முடிந்தது. அரசாங்கத்தின் கணக்கிலோ அந்தப் பெண் இன்னமும் அவனுடைய மனைவிதான்.

இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் சிக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் நம் பெண்கள். குடும்ப அட்டையில் பெயரைப் பிரிக்கப் போனால் ‘விவாகரத்து ஆர்டர் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாலும் அதே கேள்வி. மறுமணத்தைப் பதிவு செய்யப் போனால், முதல் திருமணம் முடிந்ததற்கு நீதிமன்றத் தீர்ப்பு கேட்கிறார்கள். ‘ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க சார்’ என்பதைத் தவிர அவள் கையில் வேறு பதில் இல்லை. அந்தப் பதில் எந்த மேசையிலும் செல்லுபடியாவதில்லை.

இது ஏதோ காகிதச் சிக்கல், படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடியது அல்ல. கடற்கரையில் நிவாரணம் எல்லாம் குடும்பத்தைக் கணக்கில் வைத்தே வருகிறது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் குடும்ப அட்டையைக் காட்டித்தான் வாங்க முடிந்தது. அட்டை கணவன் வீட்டில் இருந்தால் பணமும் அங்கேதான் போகும். தாய் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு கிடப்பவள் எந்தக் குடும்பத்திலும் சேராதவள் ஆகிவிடுகிறாள். கடலுக்குப் போனவன் திரும்பாமல் போனால் சிக்கல் இன்னும் பெரிது. வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஊருக்குத் தெரிந்த மனைவி ஒருத்தி. சட்டத்துக்குத் தெரிந்த மனைவி இன்னொருத்தி.

அவர்களுக்கு முன்பே நம்மிடம் இருந்த உரிமை

மணமுறிவு என்பதை நாகரிகம் கெட்டுப்போனதன் அடையாளமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ‘அறுத்துக் கட்டுகிற சாதி’ என்று நம்மை இழிவாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் வாழ முடியாத மணத்திலிருந்து வெளியேறவும் மறுபடி ஒருவரோடு வாழவும் உழைக்கும் சாதிகள் வழிவைத்திருந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தொகுதிகளில், சாதியார் முன்னிலையில் ‘துரும்பு கொடுத்தல்’ என்றால் மணத்தை முறித்தல், ‘துரும்பு வாங்குதல்’ என்றால் முறிவை ஏற்றல் என்று கள்ளர்களைப் பற்றி எழுதும் இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துரும்பு, நாலு பேர் சாட்சி. எழுத்து மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அதுவே பத்திரம்.

இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக அண்ணல் அம்பேத்கர் 1949இல் அவையில் வாதாடியபோது இந்த உண்மையைத்தான் எதிரிகள் முன்னால் எடுத்து வைத்தார். இந்துக்களில் 90 விழுக்காட்டினரான சூத்திரர்களிடையே மணமுறிவு ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. மீதிப் 10 விழுக்காட்டினரின் வழக்கத்தை எல்லோர் மீதும் சுமத்தப் போகிறீர்களா என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த மசோதாவை நிறைவேற்றாமல் இழுத்தடித்ததும், 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. சென்னை மாகாணம் 1949லேயே இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. இந்தியா முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது.

அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவை நம் பிள்ளைகள் அறிந்துவைத்திருக்க வேண்டும். வழக்கப்படி மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்ததோ, அதை இந்தச் சட்டம் பறிக்காது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதாவது, ஊர் முறைப்படி தீர்த்துக்கொண்டதெல்லாம் சட்டத்துக்குப் புறம்பானது என்று எடுத்த எடுப்பில் யாரும் தள்ளிவிட முடியாது.

உரிமை உண்டு, நிரூபிக்கும் சுமையும் உண்டு

ஆனால் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வழக்கம் என்றால் எது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு வரையறுக்கிறது. அது நெடுங்காலமாக, இடையறாமல், ஒரே சீராகப் பின்பற்றப்பட்டதாக இருக்க வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். நியாயமற்றதாகவோ பொதுக்கொள்கைக்கு எதிரானதாகவோ இருக்கக் கூடாது. இவ்வளவையும் வழக்கம் உண்டென்று சொல்கிறவர்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

யமனாஜி ஜாதவ் எதிர் நிர்மலா வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. மணமுறிவுப் பத்திரம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் போதாது. அப்படி முறித்துக்கொள்ளும் வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டு என்பதை மனுவிலேயே சொல்லி, சாட்சியம் வைத்து நிலைநாட்ட வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கிலும் அதே நிலைப்பாட்டைத்தான் எடுத்தது. வழக்கம் நிரூபிக்கப்படாததால், எழுதிக்கொண்ட பத்திரம் மணத்தை முறிக்கவில்லை.

நிலமும் பட்டயமும் வைத்திருந்த சாதிகளுக்குத் தங்கள் வழக்கத்தைக் காட்டப் பழைய தீர்ப்புகளும் பத்திரங்களும் கிடைக்கும். வாய்மொழியிலேயே வாழ்ந்த நமக்கு? எழுதக் கூடாது என்று தலைமுறைகளாகத் தடுத்துவிட்டு, எழுத்தைக் கொண்டுவா என்று இப்போது கேட்கிறார்கள். இதில் உள்ள அநியாயத்தைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் பெண்களின் காலம் ஓடிவிடுகிறது. ஆகவே, இருக்கிற ஆவணத்தை எங்கே தேடுவது, இல்லாத ஆவணத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதையும் நாம் கற்றாக வேண்டும்.

எங்கே தேடுவது?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று போல ‘விவாகரத்துச் சான்றிதழ்’ என்று கிராம நிர்வாக அலுவலரோ, வட்டாட்சியரோ, சார்பதிவாளரோ வழங்குவது எதுவும் இல்லை. திருமணத்தைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மணமுறிவைப் பதிவு செய்ய அப்படியொரு அலுவலகம் கிடையாது. நீதிமன்றம் வழியாக முறிந்திருந்தால், அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் தீர்ப்பாணையும்தான் ஆவணம். அதன் சான்றிட்ட நகல்தான் எல்லா அலுவலகத்துக்கும் வேண்டியது. ‘சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

எந்த நீதிமன்றம்? திருமணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகிய எல்லைகளில் வழக்குப் போட்டிருக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வழக்குப் போடுபவர் மனைவியானால் அவர் வசிக்கும் இடத்திலும் போடலாம். ஏரியின் தென்கரைக்காரர்கள் முதலில் பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்க வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கம் வாழ்ந்தவர்களின் வழக்கு சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் இருக்கலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் கிடக்கிறது. தடா, சூலூர்ப்பேட்டை பக்கம் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் அந்தப் பக்கமும் தேட வேண்டும். அந்த ஊர்கள் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. நம் திருவள்ளூர் மாவட்டமே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து 1997இல் உருவானதுதான். அதற்கு முந்தைய வழக்கானால் அன்றைக்கு எந்த நீதிமன்றத்தின் எல்லை இருந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சார்பு நீதிமன்றங்களில் இந்து திருமண வழக்குகள் ‘ஹெச்.எம்.ஓ.பி.’ என்ற எழுத்துகளோடு எண்ணும் ஆண்டும் சேர்த்துக் குறிக்கப்படும். வீட்டில் பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், கட்டணச் சீட்டு எது கிடந்தாலும் அதில் அந்த எண் இருக்கும். எதுவும் இல்லாவிட்டால், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியிலும் இணையதளத்திலும் தரப்பினரின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்களோ, நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். கணினியில் ஏறாத பழைய வழக்கானால் நீதிமன்றப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். ஆண்டு தெரியாவிட்டாலும், ‘மூத்தவன் பிறந்த மறு வருஷம்’, ‘சுனாமிக்கு முந்தி’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தக் கணக்கை வைத்தே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குறுக்கிக்கொள்ளலாம்.

எண் கிடைத்ததும் அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு போட வேண்டும். வழக்கு எண், தரப்பினரின் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தெந்தத் தாளின் நகல் வேண்டும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டையும் கேளுங்கள். மனு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. எத்தனை முத்திரைத்தாள் கட்ட வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைக் கவனித்து உரிய நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு செய்தி: இந்து திருமணச் சட்டத்தின் 23(4)ஆம் பிரிவுப்படி, மணமுறிவுத் தீர்ப்பாணை வழங்கும் நீதிமன்றம் அதன் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம். தீர்ப்பு சொன்ன அன்றே ‘என் நகல் எங்கே?’ என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நீதிமன்றக் கோப்புகளின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் வாங்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்தப் பாதையில் மாதங்களைத் தொலைக்க வேண்டாம். மணவழக்குகள் மூடிய அறையில் நடப்பவை என்பதால், வழக்கில் தரப்பாக இல்லாதவர் நகல் கேட்டால், ஏன் வேண்டும் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

இந்தத் தேடலில் வேறொன்றும் வெளிப்படலாம். தனக்குத் தெரியாமலே கணவன் வழக்குப் போட்டு, தான் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிவைத்திருப்பதைப் பெண் அப்போதுதான் அறிவாள். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரலாம். தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனு போட வேண்டும். நகல் கையில் கிடைத்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெட்டியில் கிடக்கும் முத்திரைத்தாள்

நீதிமன்றமே போகாதவர்கள்தான் நம்மில் பலர். அவர்களிடம் இருப்பது ‘விடுதலைப் பத்திரம்’ என்றோ ‘தீர்வைப் பத்திரம்’ என்றோ எழுதிய ஒரு முத்திரைத்தாள். 1899ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டத்தின் அட்டவணையிலேயே மணமுறிவு ஆவணம் என்று ஓர் இனம் உண்டு. ஆனால் முத்திரைத்தாளில் எழுதியதாலும், நோட்டரி ஒருவர் முத்திரை குத்தியதாலும் மணம் முறிந்துவிடாது. வழக்கம் உண்டு என்று நிரூபித்தால்தான் அந்தத் தாளுக்கு உயிர். இல்லையென்றால் அது பிரிந்து வாழ்ந்ததற்கான ஒரு சான்று, அவ்வளவே.

அதற்காகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்தார்கள், யார் யார் சாட்சி, பிள்ளைகள் யாரிடம் என்பதையெல்லாம் அந்தத் தாள் சொல்லும். சார்பதிவாளரிடம் பதிவு செய்திருந்தால், எழுதிக்கொடுத்தவரும் அதன்கீழ் உரிமை கோருபவரும் அந்த அலுவலகத்தில் நகல் வாங்கலாம். இரண்டு ஒளிநகல் எடுத்து, ஒன்றைத் தாய் வீட்டில் வையுங்கள். குடிசையும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. அந்தத் தாளில் ‘இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். சட்டப்படி மணம் முறியாதவரை அவள் மனைவி. ஜீவனாம்சம் கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையை எழுதி வாங்கிப் பறிப்பது பொதுக்கொள்கைக்கு எதிரானது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

இருளர், கிறிஸ்தவர்: வேறு வேறு சட்டம்

ஏரிச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடும் இருளர் மக்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. அவர்கள் பட்டியல் பழங்குடியினர். இந்து திருமணச் சட்டத்தின் 2(2)ஆம் பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது அவர்களுக்கு அவர்கள் வழக்கமே சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘கோர்ட் ஆர்டர் கொண்டுவா’ என்று எல்லோரையும் போல அவர்களையும் அலுவலகங்கள் விரட்டுகின்றன. அந்தச் சட்டத்தின்கீழ் ஆர்டர் வாங்கவே அவர்களால் முடியாது என்பதை மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர்களுக்கு வழி இருக்கிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவரின் மணநிலை என்ன என்று விளம்புகை வழங்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. குடும்பநல நீதிமன்றம் இல்லாத இடத்தில் உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். ‘எங்கள் வழக்கப்படி இந்த நாளில் மணம் முறிந்தது, அதை உறுதி செய்யுங்கள்’ என்பதே கோரிக்கை. ஊர் முறைப்படி தீர்த்துக்கொண்ட பட்டியல் சாதியினரும் இதே வழியில் போகலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே சாட்சி சொல்லவைப்பது முக்கியம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். 2001இல் திருத்தும் வரை, கணவனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்று இருந்த சட்டம் அது. இப்போது இருவருக்கும் ஒரே காரணங்கள். மனமொத்த பிரிவுக்கும் வழி உண்டு. திருச்சபை நீதிமன்றம் ‘இந்த மணம் செல்லாது’ என்று அறிவித்தால் அது கோயில் அளவில் செல்லும். நாட்டின் சட்டத்தில் செல்லாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பங்குச் சாமியார் கொடுத்த தாளை நம்பி மறுமணம் செய்தால் வழக்கு வரும்.

இங்கே தலித் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கூடுதல் அச்சம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே வைத்திருக்கிறது. கோயிலில் திருமணம் நடந்ததை நீதிமன்றத்தில் சொன்னால் பிள்ளைகளின் சாதிச் சான்று என்னாகுமோ என்று பயந்து, வழக்கே போடாமல் இருந்துவிடுகிறார்கள். மதம் மாறியதற்குத் தண்டனையாக உரிமையைப் பறித்த ஒரு ஆணை, ஒரு பெண்ணை வாழ முடியாத மணத்துக்குள்ளும் அடைத்துவைக்கிறது. எந்த முறையில் திருமணம் நடந்ததோ அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறான சட்டத்தின்கீழ் போட்ட வழக்கு பின்னால் கையை விட்டுப் போய்விடும்.

பழவேற்காட்டின் முஸ்லிம் சகோதரிகளுக்கும் ஒரு சொல். காஜி கொடுக்கும் தலாக் சான்று ஒரு கருத்து மட்டுமே என்று 2017இலும், குலா கேட்கும் பெண் ஜமாத்தை அல்ல, நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்துச் சில கேள்விகள்

வழக்கத்தைப் போற்றிப் பேசியதால், பஞ்சாயத்துகள் செய்வதையெல்லாம் நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள். பெண்ணுக்காக அவள் அண்ணனோ அப்பனோ பேசுகிறான். தண்டம் கட்டச் சொல்கிறார்கள், ஒதுக்கிவைக்கிறார்கள். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை இரக்கமின்றி ஒடுக்க வேண்டும் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சேரிகளில் நடந்த வன்கொடுமையை ஒட்டித்தான் அந்த வார்த்தை வந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று பட்டனவர் குப்பங்கள் தங்கள் தலைக்கட்டுகளுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. தலித்துகளும் இருளரும் தலைமுறைகளாக அதற்கு வெளியேதான் நின்றார்கள். அந்த அநியாயம் தனிக்கதை. இங்கே நாம் கேட்பது வேறு. யாருக்கு எந்த நாள் பாடு என்பது பிசகுவதில்லை. வரி கட்டாத தலைக்கட்டு யார் என்பதும், கோயில் திருவிழாவுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பதும் நோட்டில் இருக்கிறது. நம் சேரிக் கூட்டங்களும் சீட்டுக் கணக்கை எழுதிவைக்கின்றன. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்த்துவைத்ததை எழுதிவைக்க மட்டும் ஏன் ஒரு நோட்டு இல்லை? தலைக்கட்டு என்றால் ஆண் என்று வைத்திருக்கும் வரை, பெண்ணின் கணக்கு யாருடைய நோட்டிலும் ஏறாது.

கையில் எதுவுமே இல்லாவிட்டால்

இருவரும் ஒத்துப்போனால் சுருக்கமான வழி, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் மனமொத்த மணமுறிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஏற்கெனவே ஊரில் தீர்த்துக்கொண்டு பத்தாண்டு பிரிந்திருப்பவர்களுக்கு இது பொருத்தமான வழி. திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று தயங்க வேண்டாம். பதிவில்லாததால் திருமணம் இல்லையென்று ஆகிவிடாது. பத்திரிகை, புகைப்படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று போதிய தொடக்கம்.

கணவன் எங்கே என்றே தெரியாதவர்கள், இ-சேவை மையம் வழியாகக் கைவிடப்பட்ட பெண் சான்றுக்கு வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கைவிடப்பட்டோர் உதவித்தொகைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி மணமுறிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கைவிடப்பட்டதற்கான சான்று மணமுறிவு ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்த மணம் செல்லாது. இருதார மணக் குற்றமும் வரும்.

செலவுக்கு என்ன செய்வது? 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சாதிச் சான்று தேவையில்லை; பெண் என்பதே போதும். வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், நகல் வாங்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தால் போதும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

நாம் கேட்பது

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. நகல் மனுவுக்கு ஒரு நாள், முத்திரைத்தாளுக்கு ஒரு நாள், வாங்க ஒரு நாள். ஆகவே சட்டப் பணிகள் குழு மாதம் ஒருமுறை ஏரிக்கரைக்கு வர வேண்டும். ஆண்டுக்கொரு விழாவாக அல்ல. நகல் மனுவை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளும் வேலை நாளாக வர வேண்டும். கைவிடப்பட்டவர் சான்றுக்கு விசாரிக்க வரும் அலுவலர், ஊர்த் தலைவரின் கடிதத்தைக் கேட்காமல் அந்தப் பெண்ணையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கேட்க வேண்டும். பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்பதை வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் தங்கள் அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். இருளர், பட்டியல் சாதியினரின் மணமுறிவு வழக்கங்களை முறையாகத் தொகுத்து வெளியிட வேண்டும். வழக்கத்தை ஒவ்வொரு ஏழைப் பெண்ணும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டிய நிலை அப்போதுதான் குறையும்.

நம் ஊர்க் கூட்டங்களிடமும் கேட்கிறோம். இனி எந்தத் தீர்வையும் பெண் நேரில் இருந்து தன் வாயால் சம்மதம் சொல்லாமல் நடக்கக் கூடாது. நடந்ததைத் தேதியோடு எழுதி, இருவருக்கும் ஆளுக்கொரு படி தர வேண்டும். அதே வாரத்தில் சட்டப்படி மனுப் போட அனுப்பிவைக்க வேண்டும். தீர்த்துவைக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நினைக்கிறவர்கள், அதற்குப் பின் அந்தப் பெண் அலுவலக வாசலில் நிற்கும்போது கூட நிற்கவும் வேண்டும்.

கல்லூரிக்குப் போகும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் கைப்பேசியில் ஒரு பெயரைப் போட்டு வழக்கு எண்ணைத் தேடித் தர ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் அத்தையோ பெரியம்மாவோ இருபது ஆண்டுகளாக அந்த எண் தெரியாமல் இருக்கிறார்கள். இந்த வார விடுமுறையில், உங்கள் தெருவில் ‘தீர்த்துக்கிட்டாங்க’ என்று சொல்லப்படுகிற ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். என்ன தாள் இருக்கிறது, என்ன தாள் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திங்கட்கிழமை அவர்களோடு பொன்னேரிப் பேருந்தில் ஏறுங்கள்.